ராத்தாவுக்குக் கட்டிய வீடு

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். பெண்ணைப் பெற்றவர்கள் வீடு கட்டி, வீட்டு உறுதிப் பத்திரத்தையும் அவள் பேரில் எழுதிக் கொடுக்க வேண்டும். வீடு முடியாமல் கலியாணம் இல்லை. ஐம்பதுகளின் கடைசியில் பழம்பொருள்களை வைத்துக் காட்டும் நூதனசாலையாகிப் போன அந்தப் பெரிய வீட்டை, கல்முனையில் என் வாப்பா தன் மூத்த மகளான என் ராத்தாவுக்காகக் கட்டினார்.

அத்திவாரம் போட்டபோது எண்ணியது நாலு அறையும் ஒரு விறாந்தையும்தான். மாப்பிள்ளை வாப்பாவின் தங்கையான மாமியின் மகன், பேச்சும் முடிந்திருந்தது. இறக்காமத்து வயலில் அந்தப் போகம் நன்றாக விளைந்துவிட்டது, வினையும் அங்கேதான் தொடங்கியது. விறாந்தைக்குத் தேக்குத் தூண் வேண்டுமென்றார் வாப்பா. தூண் வந்ததும் சீமெந்துத் தரை அதற்குப் பொருந்தவில்லை என்று பூப்போட்ட தரைக்கல் தேடிக் கொழும்புக்குப் போனார். ஆண்கள் இருக்கும் முன்மண்டபத்துக்கும் பெண்கள் புழங்கும் உள்வீட்டுக்கும் நடுவில் மரச்சட்டங்கள் பின்னிய மறைப்பு. உள்ளேயிருந்து பார்த்தால் மண்டபம் முழுவதும் தெரியும். மண்டபத்திலிருந்து உள்ளே எதுவும் தெரியாது. அதைச் செதுக்கி முடிக்கவே ஒரு வருடம் போயிற்று. மாமி வந்து கேட்கும்போதெல்லாம் வாப்பாவிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"வீடு முடியட்டும், தங்கச்சி."

மாடி என்னுடைய யோசனை. அப்போது நான் கொழும்பில் கிளாக்கர். அங்கே பார்த்த வீடுகளைப் போல மேலே ஓர் அறையும், கடலைப் பார்த்த பல்கனியும் கடிதத்தில் வரைந்து அனுப்பினேன். கெட்டிக்காரன் என்று வாப்பா சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அவர் வேய்ந்த கூரையைக் கழற்றினார். அத்தோடு இன்னும் இரண்டு வருடம்.

லீவில் வந்திருந்தபோது ராத்தா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள், "தம்பி, ஓலக் குடிலெண்டாலும் எனக்குக் காணும். வாப்பாட்ட ஒருக்காக் கதைச்சுப் பாரன்."

"விசர்க் கதை கதைக்காத ராத்தா" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

மாடிக்கு ஓடு போட்ட மாதத்தில், மாமியின் மகன் மருதமுனையில் ஓர் இரண்டறை வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனார். மாமியை நான் குறை சொல்லவில்லை. ஏழு வருடம் பொறுத்தார். வேறு மாப்பிள்ளை வரிசையில் நிற்பான் என்றார் வாப்பா. ஒருவரும் வரவில்லை. "அந்த ஊட்டுல மாப்புளையா இரிக்கேலா, விருந்தாளியாத்தான் இரிக்கலாம்" என்று சந்தையில் கதைத்தார்கள். தான் பிழை விட்டதாக ஒரு சொல் சொல்லாமலே வாப்பா மௌத்தாகிவிட்டார்.

உம்மாவும் ராத்தாவும் பழைய வீட்டிலேயே இருந்தார்கள். புதுவீட்டில் வாப்பா வாங்கிக் குவித்த பித்தளைச் சாமான்களும் பழைய வாள்களும் பூட்டிக் கிடந்தன. ஊர்ப் பெரியவர்கள் அதை நூதனசாலையாக்கக் கேட்டபோது, "ஊரு வெச்சுக்கட்டும்" என்று ராத்தா உறுதியில் கையெழுத்துப் போட்டாள்.

திறந்து சில மாதம் கழித்து, அதைப் பார்க்க வேண்டுமென்று அவளே கேட்டாள். வண்டியில் திரை கட்டிக் கூட்டிப்போனேன். சுற்றிக்காட்டியவர் பாலமுனைக்காரர்; எங்களைத் தெரியாது. தூண், தரை, மறைப்பு எல்லாவற்றையும் காட்டிவிட்டு எங்களை மாடிக்கு ஏற்றினார்.

"இந்த ஊட்டு மூத்த பொண்ணும் மாப்புளையும் இந்த அறைலதான் இரிந்தாங்க" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ராத்தா முக்காட்டுக்குள்ளிருந்து என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அவக்கு எத்தின புள்ளயள்?" என்று அவரிடம் கேட்டாள்.

தெரியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "நாலு. நாலும் பொம்புளப் புள்ளயள்."

ராத்தா வெறும் அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள்.

"அப்ப இது ஒருத்திக்கு, இன்னும் மூணு ஊடு கட்டியிரிக்கணுமே" என்றாள்.