ஆறாட்டு நாளில் வந்த பெட்டிகள்

போன பங்குனியில் என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. ஜெர்மனியிலிருந்து வரவேண்டிய கேமரா லென்ஸ் 'செயல்பாட்டுக் காரணங்களால்' ஒரு நாள் தாமதமாகுமாம். நாள்காட்டியைப் பார்த்தேன். அன்று ஆறாட்டு. சிரித்துவிட்டேன்.

நீங்கள் வெளியூர் என்பதால் சொல்கிறேன். வருஷத்தில் இரண்டு மாலைகள் எங்கள் திருவனந்தபுரம் விமான நிலையம் ஓடுபாதையை மூடிவிடும். கோட்டைக்குள் பள்ளிகொண்டிருக்கும் பெருமாள் அன்று சங்குமுகம் கடலுக்குக் குளிக்கப் போகிறார். அவர் போகிற வழி ஓடுபாதைக்குக் குறுக்கே இருக்கிறது. வழி முந்தியது, விமானம் பிந்தியது. ஆகவே விமானம்தான் காத்திருக்க வேண்டும். இதைத்தான் 'செயல்பாட்டுக் காரணங்கள்' என்று எழுதியிருந்தார்கள். என் பழைய முதலாளி அண்ணாச்சி இதைவிட நன்றாக எழுதினார்.

பத்திரிகை வேலைக்குப் போவதற்கு முன் தம்பானூரில், ஒரு லாட்ஜின் மாடியில் இருந்த சரக்கு முகவர் அலுவலகத்தில் நான் இருந்தேன். வெளிநாட்டிலிருந்து யார் எதை வரவழைத்தாலும் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றச் செய்து, சுங்கத்தில் விடுவித்து, வாசலில் இறக்கிக் கொடுப்பது தொழில். கப்பல் சரக்கு கொச்சிக்கோ தூத்துக்குடிக்கோ வரும். விமானச் சரக்கு நேராக இங்கே வரும். முதலாளி நாகர்கோவில்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. மாடிப்படி ஏறி வருகிறவர் மூச்சு வாங்கி முடிக்கும் முன்பே, "கடலா, ஆகாசமா?" என்று கேட்பார். மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்த பழைய சிநேகிதரையும் அப்படிக் கேட்டார். அவர் பயந்துபோய், "மண்டபம் கரமனையிலதான் அண்ணாச்சி" என்றார்.

அந்த அறையில் நாள் முழுக்க ஒரு கலவையான வாசனை இருக்கும். துபாய் அட்டைப் பெட்டியில் சோப்பும் பால்பொடியும், சீனப் பொம்மைகளில் புதுப் பெயின்ட், மரப்பெட்டிகளில் பெயர் தெரியாத ஏதோ காட்டு மரம். ஃபேக்ஸ் தாளுக்கோ சூடான ஒரு வாசனை. எனக்கு அது பிடிக்கும் என்று அந்த வயதில் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. சனிக்கிழமைகளில் இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு மீன் வாசனை வரும். வலியதுறையில் மீனுக்கு ஐஸ் போட்டுக் கொடுக்கும் ஸ்டெல்லா சேச்சி, காலியான தெர்மாகோல் பெட்டிகளை எடுத்துப் போக வருவார். அண்ணாச்சி காசு வாங்கமாட்டார். பதிலுக்கு ஒரு பொதி நெத்திலி மேஜைமேல் இருக்கும். மாலை ரயிலில் நாகர்கோவில் திரும்பும்போது என் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்ததற்கு அதில் என் பங்குதான் காரணம்.

ஆறாட்டு தேதி தெரிந்ததும் அண்ணாச்சி வெளிநாட்டு முகவர்களுக்கெல்லாம் ஃபேக்ஸ் அனுப்புவார். 'அன்று சரக்கு வேண்டாம், விமான நிலையம் மூடல்.' காரணம் கேட்டால் ஒரே வரி: 'கடவுள் கடக்கிறார்.' ஹாம்பர்க்காரர், அச்சு சரியாக விழவில்லை, மறுபடி அனுப்பவும் என்றார். பாங்காக்காரர் மட்டும், 'எத்தனை மணி நேரம்?' என்று கேட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்த பாங்காக்காரரிடமிருந்துதான் லலிதா டீச்சரின் ஆர்க்கிட் நாற்றுகள் வரவேண்டியிருந்தன. டீச்சர் வலியசாலை அக்ரஹாரத்தில் இருந்தார், பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுத்தார். மாடியில் வலைப்பந்தல் போட்டு, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக ஆர்க்கிட் வளர்க்க ஆசை. வங்கியில் இருந்த கணவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஒரு தடவை வரவழைத்துப் பார்க்கலாம். செடி உயிரோடு வந்தால் வேலையை விடட்டும், வாடி வந்தால் ஜூனில் பழையபடி ஒன்பதாம் வகுப்பு.

"கடலா, ஆகாசமா?" என்றார் அண்ணாச்சி.

"கப்பல்ல வந்தா செலவு கொறையும்னு சொல்றாளே?"

"கொறையும் டீச்சர். வந்து சேர்ற சருகுல வெந்நீர் போட்டுக் குளிக்கவும் செய்யலாம்."

டீச்சர் சிரித்துவிட்டு ஆகாசம் என்றார்.

ஆறாட்டுக்கு மறுநாள் வரும்படி ஏற்பாடு. பாங்காக்கிலிருந்து கொழும்பு, அங்கே விமானம் மாறி இங்கே. கொழும்பில் யாரோ ஒரு நல்ல மனிதர், பெட்டியில் 'உயிருள்ள செடி' என்று எழுதியிருந்ததைப் பார்த்து இரக்கப்பட்டு, ஒரு நாள் முந்தியே ஏற்றிவிட்டார். ஓடுபாதை மூடுவதற்கு முன் வந்து இறங்கிய கடைசி விமானத்தில் எங்கள் பெட்டிகள் இருந்தன.

சரக்குக் கொட்டகைக்குத் தகரக் கூரை, பங்குனி வெயில். அங்கே விட்டுவைக்க முடியாது. சோதனை முடிந்து நானும் அண்ணாச்சியும் பெட்டிகளை வெளியே எடுத்தபோது சங்குமுகத்திலிருந்து நகருக்குப் போகும் வழி அடைத்தாகிவிட்டது. டிரைவர் தாசன் வலியதுறை வழியாகச் சுற்றிப் போய்விடலாம் என்று வண்டியைக் கடற்கரைச் சாலையில் விட்டார். வள்ளக்கடவுக்கு முன்னாலேயே கயிறு கட்டியிருந்தார்கள். ஊர்வலம் கோட்டையிலிருந்து புறப்பட்டு அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது. பெருமாள் விமான நிலையத்துக்குள் நுழையும்வரை ஒரு சைக்கிள்கூடக் குறுக்கே போக முடியாது.

நின்ற வண்டிக்குள் கை வைத்துப் பார்த்தேன். அடுப்படி போல இருந்தது. அண்ணாச்சி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "தாசா, வண்டியத் திருப்பு. ஸ்டெல்லாகிட்ட விடு" என்றார்.

ஸ்டெல்லா சேச்சியின் ஐஸ் கொட்டகை வலியதுறைக் கடல்பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வண்டியைப் பார்த்ததும் வெளியே வந்தார்.

"எந்தா அண்ணாச்சி, மீன் கச்சவடம் தொடங்கியோ?"

"மீன் வியாபாரமில்ல சேச்சி. பூச்செடி. ஐஸ் வேணும்."

"பூவினு ஐஸோ! இது ஏது ராஜாவின்ற பூவா?"

பேச்சு கேலியாக இருந்தாலும் கை நிற்கவில்லை. பனிக்கட்டியை உடைத்துக் கூடைகளில் அள்ளிவிட்டார். செடிக்கு ஐஸ் ஆகுமா என்று அண்ணாச்சிக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. பக்கத்து பூத்திலிருந்து டீச்சருக்கு ஃபோன் போட்டார். நான் கதவருகில் நின்றேன். டீச்சரின் குரல் வெளியே கேட்டது.

"ஐயோ, பெட்டி மேல வெச்சுடாதேங்கோ, வேர் கறுத்துப்போயிடும். தள்ளி வைங்கோ. காத்து போற ஓட்டைய அடைக்காதேங்கோ."

"செரி டீச்சர்."

"நல்ல ஐஸ்தானே?"

அண்ணாச்சி கடலைப் பார்த்தார். கொட்டகைக்குள் வரிசையாகக் கிடந்த சூரை மீன்களைப் பார்த்தார். "நல்ல ஐஸ்தான் டீச்சர்" என்றார்.

கூடைகளை வண்டியின் தரையில் ஓரமாக வைத்தோம். ஈரச் சாக்குகளைக் கூரையில் விரித்தோம். சேச்சி தானே ஏறி, பெட்டிகளுக்கும் ஐஸுக்கும் நடுவில் ஒரு பலகையைச் செருகிவிட்டு இறங்கினார். வெயில் தாழும்வரை தாசன் சாக்கில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். தூரத்தில் செண்டை கேட்டது, நெருங்கியது, பிறகு விமான நிலையப் பக்கமாகத் திரும்பித் தேய்ந்தது. கயிறு அவிழ்ந்தது.

வலியசாலை போய்ச் சேர்ந்தபோது தெருவில் விளக்கு வைத்திருந்தார்கள். தாசன் வண்டிக் கதவைத் திறந்தார். முதலில் இறங்கியது மீன் வாசனைதான். அந்தத் தெரு அதுவரை அறியாத வாசனை அது. கோலம் போட்ட வாசல்களைத் தாண்டி அது பாட்டுக்குப் போயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஜன்னல் சாத்திக்கொண்டது. நானும் தாசனும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளியப் பார்த்தோம். அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு, தூணோடு தூணாக நின்றார்.

டீச்சர் படியிலேயே உட்கார்ந்து முதல் பெட்டியைப் பிரித்தார். செய்தித்தாள் சுற்றிய நாற்றுகளில் ஒன்றை எடுத்து வேரின் நுனியை விளக்குப் பக்கம் பிடித்தார். அடுத்தது. அதற்கு அடுத்தது. கணவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பின்னால் குனிந்து நின்றார்.

"பச்சையாத்தான் இருக்கு" என்றார் டீச்சர். யாரிடமும் இல்லை.

எதிர்வீட்டு மாமி மூக்கில் தலைப்போடு படியிறங்கி வந்தார். "ஏண்டி லலிதா, ஸ்வாமி ஆறாட்டுக்குப் போன நாளும் அதுவுமா தெருவையே மீன் சந்தை ஆக்கிட்டியேடி!"

டீச்சர் செடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஸ்வாமியே இப்போ கடல்லதான் முங்கிண்டிருக்கார் மாமி. அங்கே மீன் இல்லையா?"

மாமி தலைப்பைக் கொஞ்சம் தளர்த்தினார். கணவர் உள்ளே போனார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நாங்கள் பயந்தோம். வாளியும் கயிறுமாகக் கிணற்றடிக்குப் போய்விட்டு வந்து, "பெட்டியையெல்லாம் கொல்லைப்பக்கம் கொண்டு வாங்கோ, நான் அலம்பறேன்" என்றார்.

டீச்சர் ஜூனில் பள்ளிக்குப் போகவில்லை. அடுத்த ஆறாட்டுக்கு அலுவலகத்துக்கு இரண்டு பூங்கொத்துகள் வந்தன, ஊதாவில் வெள்ளை வரியிட்டவை. ஒன்று அண்ணாச்சிக்கு; மற்றது 'ஐஸ் கொடுத்த அம்மாவுக்கு'. சனிக்கிழமை தெர்மாகோல் எடுக்க வந்த ஸ்டெல்லா சேச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். "மணமில்லல்லோ" என்று குறைபட்டுக்கொண்டு, மாதாவுக்கு வைக்கிறேன் என்று எடுத்துப் போனார். நான் அங்கே இருந்தவரை வருஷாவருஷம் அது நடந்தது.

லாட்ஜ் மாடியில் இப்போது கண்ணாடிக் கதவு போட்ட பயிற்சி மையம் இருக்கிறது. அண்ணாச்சி காலமாகிவிட்டார். டீச்சர் மகளோடு பெங்களூரில். பந்தல் போட்ட மாடி இருந்த இடத்தில் அடுக்ககம். வலியதுறைக் கடல்பாலம் இடுப்பொடிந்து கிடக்கிறது. ஸ்டெல்லா சேச்சியின் கொட்டகைக்கு வழி கேட்டால் கடலைக் காட்டுவார்கள். வருஷத்துக்குக் கொஞ்சமாக உள்ளே வந்த கடல் அந்த வரிசையை முழுக்க எடுத்துக்கொண்டது. சேச்சி எங்கே என்று சொல்ல அந்தக் கரையில் ஆள் கிடைக்கவில்லை.

லென்ஸ் மறுநாள் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாத இளைஞர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று எல்லாமே என் கைபேசியில் இருந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பெட்டியை மூக்கருகே பிடித்தேன்.

எந்த வாசனையும் இல்லை.