கொழும்பில் இறங்க வேண்டியவன்

என் கணவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அவருடைய நட்சத்திரம் பார்த்துக் குறித்த நாள், தள்ளிப்போட வழியில்லை. எங்கள் ஒரே மகன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல் கொழும்பைத் தொடும். அங்கே மாற்று ஆள் ஏறுவார், இவன் இறங்கித் திருச்சிக்கு விமானம் பிடிப்பான். விழாவுக்கு முன்பே வீட்டில் இருப்பான் என்பது எங்கள் கணக்கு.

செங்கடலில் சண்டை என்று கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தது. யாரோ அடித்துக்கொள்வதற்கு நாங்கள் ஏன் தவிக்க வேண்டும் என்று எரிச்சலாக வந்தது. ஆனால் காவிரிக் கடைமடையில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். மேலே எங்கோ ஒரு மதகை அடைத்தால் காய்வது எங்கள் வயல்தான்.

கப்பல்கள் நகர்வதைக் காட்டும் ஆப் ஒன்றை மகன் என் போனில் போட்டுக் கொடுத்திருந்தான். அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் அதையே பார்த்தேன். கொழும்புக்கு வெளியே வந்து அம்புக்குறி நின்றது. மறுநாளும் அங்கேயே நின்றது. போன் செய்தான்.

"சுத்தி வந்த கப்பலெல்லாம் ஒண்ணா வந்து நிக்குதும்மா. துறைமுகத்துல இடமில்ல. நேரா சிங்கப்பூர் போகச் சொல்லிட்டாங்க."

"அப்ப கொழும்புக்கு வந்த சரக்கு?"

"சிங்கப்பூர்ல இறக்கி, சின்னக் கப்பல்ல திருப்பி அனுப்பிடுவாங்க."

"சரக்குப் பெட்டிக்கெல்லாம் வழி இருக்கு. உன்னை ஒரு படகுல இறக்கி விட மாட்டாங்களா?"

"மாத்து ஆளு சிங்கப்பூர்லதாம்மா ஏறுறாரு."

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கிறான் என்றே எனக்குத் தோன்றியது. வரைபடத்தில் ஒரு விரல்கடை இடைவெளி. அவனுக்கோ சிங்கப்பூர் போய்த்தான் மயிலாடுதுறை வீட்டுக்கு வர வேண்டும். கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

விழா அன்று எங்கள் தலையில் மகன் ஊற்ற வேண்டிய முதல் குடத்து நீரைக் கொழுந்தனார் ஊற்றினார். ஈரப்புடவையை மாற்றியதும் நானே அவனை அழைத்தேன். இலங்கையைத் தாண்டிக் கிழக்கே போய்க்கொண்டிருந்தான்.

"அடுத்து எழுபதுக்கும் பண்ணுவாங்கல்லம்மா. அதுக்குக் கண்டிப்பா இருப்பேன்."

போனைக் கணவரிடம் கொடுத்தேன். அவன் அதையே அவரிடமும் சொல்லியிருக்க வேண்டும்.

"சரிப்பா," என்றார் அவர். "நானும் இருக்கப் பாக்குறேன்."