திராணி இருந்தா

கோட்டையூர் டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், மடியில் கிடந்த சாக்குப் பொட்டலத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். பெரிய மீசை, சாந்தமான கண்கள். என் கையிலிருந்த தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்துக் கேட்டார்:

“தம்பி, படிக்கிறவுக நீங்க. திராணின்னா என்ன? வசவா?”

“வசவே இல்லைங்க! வலிமை. நல்ல வார்த்தை” என்றேன் உற்சாகமாக.

“எங்க அண்ணன் நேத்து ஊரு முன்னால வச்சுச் சொன்னாக, ‘திராணி இருந்தா வயல்ல கால வையிடா’ன்னு.”

“நீங்க என்ன சொன்னீக?”

“ஒண்ணும் சொல்லலை. இப்பத்தான் போறேன்.”

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வரப்பில் ஏறினார். சாக்கு மட்டும் கீழே விழுந்தது. கையில் அரிவாள். பஸ் நகர்ந்துவிட்டது.

நான் சொன்ன பொருள் சரிதான். ஆனால் ‘உனக்குத் திராணி இருக்கிறது’ என்று யாரும் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘இருந்தா’ என்றுதான் கேட்டிருக்கிறேன்.