இரண்டு வாசல் பெட்டி

வெரிபீப் புறநகரில், எங்கள் பக்கத்து வாடகை வீட்டின் பின்னறையில் அண்ணை ஒருவர் இருந்தார். எந்நேரமும் வேலைத்தலத்து மஞ்சள் ஜாக்கெட்டுத்தான். இந்தத் தென்கோளத்து ஜூன் குளிர் தொடங்கியதும், மரக்கறிக் கடையில் எறிந்த வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டியில், அறை வாசலடியில் ஒரு தெருப்பூனைக்கு வீடு செய்தார். உள்ளே துணி போடவில்லை. துணி ஈரத்தைக் குடிக்குமாம். வைக்கோல் திணித்தார். இரண்டு வாசல் வெட்டினார்.

"ஒரு வாசல் போதாதோ அண்ணை?" என்று கேட்டேன்.

"தப்பி ஓட வழி இல்லாட்டி அது உள்ளுக்கு வராது தம்பி."

பெட்டி வைத்து மூன்றாம் வாரம், வீட்டு ஏஜென்ட் அனுப்பிய ஆங்கிலக் கடிதத்தோடு வந்தார். விசாக் கடிதங்கள் வைக்கும் பிளாஸ்டிக் உறையிலிருந்து அதைப் பக்குவமாக எடுத்துத் தந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பெட்டியை அகற்ற வேண்டும் என்று வாசித்துச் சொன்னேன்.

"குளிர் முடியும் வரைக்கும் விடலாம் எண்டு எங்கையாவது போட்டிருக்கோ? வடிவாப் பாருங்கோ."

இன்னொரு முறை வாசித்தேன்.

"இல்லை அண்ணை."

"ஓம்" என்று சொல்லி, கடிதத்தை உறைக்குள் வைத்தார். பிறகு எங்கள் வீட்டுப் பின்வளவைப் பார்த்தார். பெட்டியை அங்கே வைக்கலாமா என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் பதில் இருந்தது: எங்களுக்கும் அதே ஏஜென்ட்தான்.

அவர் கேட்கவேயில்லை.