மாறிப்போன கட்டைப்பை

எங்கள் வீட்டில் அப்பாவிடம் எந்த வேலையையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். மூன்றாவது முறை சொல்வதற்குள் அவர் அதைத் தப்பாகச் செய்து முடித்திருப்பார். அம்மா இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போதெல்லாம் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு யாரைப் பற்றியோ பேசுவது போலச் சிரித்துக்கொண்டிருப்பார். அவரால் சிரிக்க முடியாமல் போன காரியம் ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஊரடங்கு காலம். ஆவடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருந்தோம். நான் ஆறாம் வகுப்பு. என் பள்ளிக்கூடம் அம்மாவின் செல்போனுக்குள்ளும் அப்பாவின் அலுவலகம் சாப்பாட்டு மேசை மேலும் நடந்தன. அப்பாவுக்குச் சம்பளம் பாதியாகியிருந்தது, மீட்டிங் மட்டும் இரண்டு மடங்காகியிருந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில், சத்தம் வராமல் குக்கர் வைக்க வேண்டிய நிலைமையில் அம்மா இருந்தாள். அவளுடைய எரிச்சலுக்கு அப்போது ஓய்வே கிடையாது.

அப்படி ஒரு நாள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸாப்பில் ஒரு செய்தி வந்தது. நெமிலிச்சேரி, திருநின்றவூர் பக்கம் பல வீடுகளில் வேலை போய் அடுப்பு எரியவில்லை, ஒவ்வொரு ஃபிளாட்டிலிருந்தும் ஒரு பை மளிகை கொடுங்கள், காலையில் குட்டி யானை லோடு வண்டி வந்து எடுத்துக்கொள்ளும் என்று. அதன் கீழே கும்பிடும் கை இமோஜிகளாக வந்து விழுந்தன.

அம்மாவும் ஒரு பை கட்டினாள். நாங்கள் சமைக்காமல் வைத்திருந்த ரேஷன் அரிசி, அப்பா உடம்பைக் குறைப்பதற்காக வாங்கி ஒரே நாளோடு நிறுத்திய ஓட்ஸ், எதற்கோ இலவசமாக வந்த சோயா உருண்டை, யாருக்கும் பிடிக்காத கேழ்வரகு சேமியா, தேதி முடியக் கொஞ்ச நாளே இருந்த ஒரு ஜாம் பாட்டில். எல்லாவற்றையும் ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் அழகாக அடுக்கி, செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தாள். “இல்லாதவங்களுக்கு இதுவே பெருசு” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதே சாயங்காலம் கடை வாசலில் இடைவெளிக்காகப் போட்ட வட்டத்துக்குள் நின்று, கால் கடுத்து, அந்த மாதத்துக்கான மளிகையை வாங்கி வந்தாள். பொன்னி அரிசி, பருப்பு, எண்ணெய் இவற்றோடு நெய், முந்திரி, கோகோ பவுடர், மில்க்மெய்டு டின். கடைசி மூன்றும் என் பிறந்தநாளுக்குக் குக்கரில் கேக் செய்வதற்காக. கிருமி பயத்தில் வெளியிலிருந்து வரும் எதையும் ஒரு ராத்திரி வாசலிலேயே வைப்பது அப்போது எங்கள் வழக்கம். அந்தப் பையும் செருப்பு ஸ்டாண்டுக்குக் கீழே உட்கார்ந்தது. அதுவும் அதே ஜவுளிக்கடையின் கட்டைப்பைதான்.

மறுநாள் வண்டி வந்து ஹாரன் அடித்தபோது அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். “ஏங்க, மேல இருக்கிற பையைக் குடுத்துடுங்க” என்று உள்ளிருந்தே கத்தினாள். அப்பா காதில் ஹெட்செட்டோடு தலையாட்டினார். “மேல இருக்கிறதுங்க!” என்று மறுபடியும் கத்தினாள். மூன்றாவது முறை அவள் கத்தும்போது அப்பா கீழே போய்விட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்திருந்தார்.

செருப்பு ஸ்டாண்டின் மேல் ரேஷன் அரிசி இருந்தது. கீழே ஒன்றுமில்லை.

“குடுக்கிறதுன்னா கனமா இருக்கிறதைத்தானே குடுப்பாங்க?” என்றார் அப்பா. இன்றுவரை அவர் சொல்லும் ஒரே நியாயம் இதுதான்.

அம்மா ஈரத்தலையோடு வாசலிலேயே நின்று அவரைத் திட்டிய திட்டில், எதிர் ஃபிளாட்டின் கதவு லேசாகத் திறந்து மூடியது. நான் என் பங்குக்குக் கேக்கை நினைத்து அழுதேன். சங்கத்துக்குப் போன் போட்டால் வண்டி திருநின்றவூருக்குப் போய்விட்டது என்றார்கள். அம்மா முடிவெடுத்துவிட்டாள். “நான் ஒண்ணும் அவங்க சாப்பாட்டைப் பிடுங்கப் போறதில்ல. பையை மாத்திக்கிட்டு வரப் போறேன், அவ்ளோதான்.”

மூன்று பேரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். ஊரடங்கைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தாலும் பட்டாபிராமில் போலீஸ் மறித்தது. எங்கே போகிறீர்கள் என்ற கேள்விக்கு அப்பா, அம்மா மடியிலிருந்த கட்டைப்பையைக் காட்டி, “நிவாரணப் பொருள் சார்” என்றார். போலீஸ்காரர் என்னைப் பார்த்து, “பாப்பாவையும் கூட்டிட்டுப் போறீங்களா? நல்ல பழக்கம் சார்” என்று வழிவிட்டார். பின்னாலிருந்து அம்மா அப்பாவின் முதுகில் ஒரு குத்து விட்டது எனக்கு மட்டும் தெரியும்.

திருநின்றவூரில், மூடிக்கிடந்த ஒரு டீக்கடை முன்னால் சில இளைஞர்கள் பைகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நெய், முந்திரி வைத்த பை ஒன்று வந்ததா என்று அம்மா கேட்டதும் அவர்களில் ஒருவன், கிரிக்கெட் பனியன் போட்டவன், முகம் மலர்ந்து எழுந்து வந்தான்.

“நெய்யி, முந்திரியெல்லாம் வச்சிக் குடுத்தது நீதானாக்கா? இப்பதான் பேசிக்கினு இருந்தோம். எல்லாரும் ஊட்ல வேணான்றத குடுக்கறப்ப, யாரோ மனசார குடுத்துக்கீறாங்கன்னு.”

“அது மாறி வந்துடுச்சுப்பா” என்றாள் அம்மா.

அவன் முகம் வாடியது. “இன்னாக்கா நீ... அது ஏரியாண்ட ஒரு ஊட்டுக்குப் போய்ட்ச்சே.” தலையைச் சொறிந்தான். பிறகு, “சரி வா, கேட்டுப் பாக்கலாம்” என்று பைக்கை எடுத்தான். அவன் பின்னாலேயே போனோம்.

ஏரிக்கரை ஓரம், ஷீட் போட்ட வாடகை வீடுகள் வரிசையாக இருந்தன. கடைசி வீட்டின் முன்னால் தார்ப்பாய் போட்டு மூடிய வண்டி ஒன்று நின்றது. டயர்களில் காற்றில்லை. தார்ப்பாய் விலகியிருந்த இடத்தில் மஞ்சள் நிறமும், பின்கதவில் ஒரு நசுங்கலும் தெரிந்தன. அந்த நசுங்கலுக்குப் பக்கத்து ஜன்னலில்தான் நான் மூன்று வருடமாக உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனேன். அது எங்கள் ஸ்கூல் வேன்.

வேன் அங்கிளை எனக்குத் தெரிந்ததைவிட அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் கீழேயிருந்து ஹாரனை அழுத்திக்கொண்டே, “யம்மோவ், லேட்டாவுது!” என்று அவர் கத்த, “வந்துட்டோம், வந்துட்டோம், ஏன் இப்படி உயிரை எடுக்கறீங்க!” என்று அம்மா மாடியிலிருந்து கத்துவாள். பள்ளி மூடியதிலிருந்து இந்தச் சண்டையும் நின்றிருந்தது. அப்பா அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார் என்பதால் அவருக்கு வேன் அங்கிளைத் தெரியாது.

பனியன்காரன் வாசலில் நின்று குரல் கொடுத்தான். “அண்ணாத்தே! காலைல குடுத்த பை மாறிப் போச்சாம். அவங்க வந்துகீறாங்க!”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. எதையோ எடுத்துத் திரும்பப் பையில் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு முகக்கவசம் போட்ட ஒருவர் இரண்டு கைகளாலும் எங்கள் கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நெய் பாட்டிலின் மூடி வெளியே தெரிந்தது. முகக்கவசத்துக்கு மேலே அந்தத் தடித்த புருவங்கள். தினமும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, கையை உள்ள வை என்று முறைத்த அதே புருவங்கள்.

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். அவர் சட்டென்று கண்ணைத் தாழ்த்திப் பையை நீட்டினார். “ஒண்ணும் எடுக்கலைங்க. அரிசி மட்டும் ஒரு ஆழாக்கு உலையில போட்டுட்டாங்க.”

“இது எங்களுது இல்லைங்க” என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பனியன்காரனுக்கு அதைவிட. “இன்னாக்கா? நெய்யி, முந்திரின்னு நீதான சொன்ன?”

“எங்களுது வேற கலர் பை.”

அவன் அம்மாவின் கையிலிருந்த பையைப் பார்த்தான். அவர் கையிலிருந்ததையும் பார்த்தான். ஒரே கடை, ஒரே ரோஸ் கலர். “அக்கா, உன் கைல கீறதும் இதே பைதானக்கா?”

“ஊர்ல எல்லார்கிட்டயும் இந்தப் பைதாம்ப்பா இருக்கு” என்று அம்மா எரிந்து விழுந்தாள். ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த அப்பா, காலையில் செய்த தப்பைச் சரிசெய்ய இதுதான் சமயம் என்று நினைத்தாரோ என்னவோ, “அதேதாம்மா! மில்க்மெய்டு தெரியுது பாரு!” என்று கத்தினார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வாய் மூடிக்கொண்டது. நான் “வேன் அங்...” என்று ஆரம்பித்தேன். தோளில் கிள்ளு விழுந்தது. நன்றாகத் திருகிய கிள்ளு.

“தெரியாம வந்துட்டோம், மன்னிச்சுக்குங்க” என்று அம்மா அவரிடம் சொன்னாள். அவர் பையை நீட்டியபடியே நின்றார்.

சரி, நம்முடையதுதான் போயிற்று, கையிலிருக்கும் ரேஷன் அரிசிப் பையையாவது கொடுத்திருக்கலாம். அதையும் அம்மா கொடுக்கவில்லை. மார்போடு அணைத்து மறைத்துக்கொண்டு தெருமுனை வரை அப்படியே நடந்தாள். ஸ்கூட்டரில் திரும்பும் வழியில் நான், “அம்மா, அது நம்ம வேன் அங்கிள்!” என்றபோது, “மாஸ்க்ல எப்படிடி தெரியும்? யாரையோ பாத்துட்டு உளறாத” என்றாள். “யாரு, யாரு?” என்று அப்பா திரும்பினார். “ரோட்டைப் பாத்து ஓட்டுங்க!” என்று அவருக்கும் விழுந்தது.

அந்த மாதம் முழுவதும், கொடுப்பதற்கென்று கட்டி வைத்ததை நாங்களே சாப்பிட்டோம். ரேஷன் அரிசிச் சோறு, சோயா உருண்டைக் குழம்பு, ஓட்ஸ் உப்புமா, மறுபடியும் ஓட்ஸ் உப்புமா. என் பிறந்தநாளுக்குக் கேழ்வரகு சேமியாவில் பாயசம் என்று ஒன்று வந்தது. நான் முகம் சுளித்தேன். அம்மாவும் அதைக் குடித்துவிட்டு, “இதைப் போயி குடுக்க இருந்தோமே” என்று தனக்குள் சொன்னாள். அப்பா தன்னைத்தான் சொல்கிறாளென்று நினைத்து, “தப்புதான், விடு” என்றார்.

பள்ளி திறந்த அன்று காலையில் கீழே ஹாரன் சத்தம் கேட்டது. “யம்மோவ், லேட்டாவுது!” அம்மா பதிலுக்குக் கத்தவில்லை. என் பையைத் தூக்கிக்கொண்டு, என்றுமில்லாதபடி கீழேயே இறங்கி வந்தாள்.

“நல்லா இருக்கீங்களா? பாத்து எவ்ளோ நாளாச்சு!” என்றாள்.

“ஆமாம்மா. ஸ்கூல் மூடினப்போ பாத்தது. அதுக்கப்புறம் இப்பதான் பாக்கறோம்” என்றார் அவர், வாய் நிறையச் சிரித்தபடி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருநின்றவூரில் பார்த்தோமே என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னை வேனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். ஜன்னல் வழியாக இருவரையும் பார்த்தேன். இவள் சொல்வது பொய்யென்று அவருக்குத் தெரியும். அவர் சொல்வது பொய்யென்று இவளுக்கும் தெரியும். பிறகு எதற்காக இரண்டு பேரும் இத்தனை சந்தோஷமாக அதைச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதுதான், பள்ளிக்கூடம் வந்து இறங்கும் வரை யோசித்தும் எனக்குப் புரியவில்லை.