ஹெட் சிஸ்டரும் இரண்டு தொட்டிகளும்

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை எலும்பு முறிவு வார்டிலேயே இருந்தவள் அவள். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, ஹெட் சிஸ்டர் என்றால்தான் தெரியும். வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால், வலியில் முனகிக்கொண்டிருந்தவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மந்திரியின் மாமனாரும் மூட்டை தூக்குகிறவரும் அவளுக்கு ஒன்றுதான். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மாத்திரை, ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே நேரத்தில் விளக்கணைப்பு. தன் வார்டில் வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேச்சே கிடையாது என்பதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

ஓய்வு பெற்ற அன்று ஜூனியர் நர்சுகள் சேர்ந்து இரண்டு பூந்தொட்டிகளைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஒன்றில் காகிதப்பூச் செடி, மற்றதில் ஆந்தூரியம்.

"ரெண்டுமே தென் அமெரிக்கச் செடிங்க சிஸ்டர். ஒரே ஊர்க்காரங்க மாதிரி. நல்லா ஒத்துப்போகும்" என்றாள் கொடுத்தவள்.

அந்தக் கண்டம் எவ்வளவு பெரியது என்று கொடுத்தவளும் யோசிக்கவில்லை, வாங்கியவளும் யோசிக்கவில்லை.

ஹெட் சிஸ்டரின் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. பால்கனி மேற்குப் பார்த்தது. மதியத்துக்கு மேல் வெயில் அங்கே வந்து உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்காது. தொட்டிகள் இரண்டையும் அங்கே அருகருகே வைத்தாள், கட்டில்களை வரிசையாகப் போடுகிற மாதிரி. மறுநாள் காலையிலிருந்து ரவுண்ட்ஸ் ஆரம்பமாயிற்று. ஆளுக்கு ஒரு குவளைத் தண்ணீர், மாலையிலும் அதே குவளை. இலை இலையாக ஈரத்துணியால் துடைப்பு. ஞாயிறானால் உரம்.

அவள் கணவர் பஸ் ஓட்டியவர். அவளுக்கு முன்பே ஓய்வு பெற்று, சும்மா இருப்பதில் நல்ல தேர்ச்சி அடைந்திருந்தார். நாற்காலியில் சாய்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் கேட்டார்.

"ஏம்மா, அதுங்களுக்குத் தாகமா இருக்கான்னு பார்த்துட்டு ஊத்தக்கூடாதா?"

"நோயாளியக் கேட்டா மருந்து குடுக்கறோம்? நீங்க பேப்பரப் படிங்க."

அவர் பேப்பரைப் படித்தார்.

காகிதப்பூச் செடி தளதளவென்று வளர்ந்தது. எல்லாம் இலைதான், பேருக்குக்கூட ஒரு பூ இல்லை. பிறகு அந்த இலைகளும் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. ஆந்தூரியத்தின் கதை இன்னும் மோசம். அதன் அகலமான இலைகளில், சூடான இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்துவிட்டதைப் போலப் பழுப்புத் தழும்புகள் விழுந்தன. வரும்போது இருந்த ஒரே சிவப்புப் பூவும் ஓரம் கருகிச் சுருண்டது. நோயாளியின் நிலைமை மோசமானால் கவனிப்பைக் கூட்ட வேண்டும் என்பதுதான் அவள் படித்த பாடம். குவளை இரண்டாயிற்று, உரம் வாரத்துக்கு இரண்டு முறையாயிற்று.

தொட்டியில் நிற்காத தண்ணீர் பால்கனி விளிம்பு வழியாக இறங்கி, கீழ்வீட்டம்மா காயப்போட்டிருந்த துணிகளில் சொட்டியது. கீழ்வீட்டம்மா குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், எதையும் பொதுப் பிரச்சினையாக்கத் தெரிந்தவர். மாடியேறி வந்து, "அக்கா, நீங்க செடிக்கு ஊத்தறீங்களா, இல்ல என் புடவைக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஹெட் சிஸ்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வார்டில் எத்தனை சொந்தக்காரர்களைச் சமாளித்தவள்!

கடைசியில் அந்தத் தண்ணீர் அவளையே வாரிவிட்டது. ஒரு காலை ரவுண்ட்ஸில் ஈரத் தரையில் கால் வழுக்கி, குவளை ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக விழுந்தாள். கணுக்கால் எலும்பு முறிந்தது. எக்ஸ்ரே வருவதற்கு முன்பே எந்த எலும்பு என்று அவளே சொல்லிவிட்டாள். டாக்டர் கட்டுப்போட்டு, கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது என்றார். ஆயிரம் பேரிடம் அவள் சொன்ன வாக்கியம்தான். கேட்கும்போது அது வேறு மாதிரி இருந்தது.

வீட்டுப் பொறுப்பு கணவர் தலையில் விழுந்தது. மனைவிக்கு மாத்திரை, சாப்பாடு, முதுகுக்குத் தலையணை. எதையோ தேடி ஒவ்வொரு முறையும் நடப்பது அவர் முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. அதனால் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தார். ஆந்தூரியத்தையும் அப்படித்தான் தூக்கிக்கொண்டுபோய்க் குளியலறை ஜன்னலில் வைத்தார். குழாய் பக்கத்திலேயே இருந்தது. நினைவு வந்தபோது கையால் கொஞ்சம் தெளிப்பார், அவ்வளவுதான். பெரிய தொட்டியைத் தூக்க முடியவில்லை. அதனால் காகிதப்பூவை மறந்துவிட்டார்.

"செடிக்குத் தண்ணி ஊத்தினீங்களா?" என்று கட்டிலிலிருந்து குரல் வரும்.

"ஊத்தியாச்சு, ஊத்தியாச்சு" என்பார் அவர். பஸ் நிற்காத நிறுத்தத்திலும் நின்றதாகச் சொல்லிப் பழகிய குரல்.

கட்டிலில் படுத்தவாறே பார்த்தால் குளியலறைக் கதவின் இடுக்கு வழியாக ஆந்தூரியம் தெரியும். வேறு வேலை இல்லாததால் அவள் அதையே கவனித்தாள். கணவர் வெந்நீரில் குளித்துவிட்டு வரும்போது ஆவி ஜன்னல்வரை போய் இலைகளில் பனித்துளியாக நிற்கும். ஜன்னல் கண்ணாடி மங்கலானது, வெயில் வெளிச்சமாக வந்ததே தவிர வெயிலாக வரவில்லை. முதலில் புது இலை ஒன்று சுருளவிழ்ந்தது. பிறகு ஒருநாள், மெழுகு பூசிய மாதிரி பளபளவென்று ஒரு சிவப்பு. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஏதோ புகைந்தது.

அதற்குள் கீழ்வீட்டம்மா மறுபடி மாடியேறி வந்தார். புடவை விஷயமாகத்தான் இருக்கும் என்று ஹெட் சிஸ்டர் முகத்தைக் கடுப்பாக்கிக்கொண்டாள்.

"அக்கா, மேல ஒரு இலை தெரியல, எல்லாம் பூவா இருக்கு! தெருவே நின்னு பாக்குது. எப்படி அண்ணா இது?"

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். அவர் அப்போதுதான் பால்கனிப் பக்கம் எட்டிப் பார்த்தார். வெயிலில் காய்ந்து, தொட்டி மண் இறுகி வெடித்துக் கிடந்த செடி முழுக்க ரோஜா நிறத்தில் பற்றி எரிந்துகொண்டிருந்தது.

"அது... ஒரு பக்குவம்தான்" என்றார்.

சங்கத்தின் மலர்க் கண்காட்சியில் இரண்டு தொட்டிகளுக்கும் முதல் பரிசு. அவரை மேடையேற்றி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். ஹெட் சிஸ்டர் ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ண மறந்துடணும், ஒண்ணப் பக்கத்துல வச்சுக்கணும்" என்றார் அவர். கைதட்டல் அடங்கவில்லை.

"ரெண்டும் ஒரே ஊர்ச் செடிதானே சார், ஏன் அப்படி?" என்று ஒருவர் எழுந்து கேட்டார்.

மேடையிலிருந்து அவர் கண்கள் முன்வரிசைக்கு வந்தன. அவள் கொஞ்ச நேரம் அவரைத் தவிக்கவிட்டாள். பிறகு உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"ஒண்ணு காய்ஞ்ச பூமியில முள்ளோட வளர்றது. தண்ணி கிடைக்காதுன்னு தெரிஞ்சாதான் பூக்கும். ஊத்தி ஊத்திக் குடுத்தா இலை விட்டுட்டு நிம்மதியா இருந்துடும். இன்னொண்ணு மழைக்காட்டுல மரத்து மேல ஒட்டிக்கிட்டு, நிழல்லயும் ஈரக் காத்துலயும் வாழறது. வெயில் பட்டா வெந்துடும், வேர்ல தண்ணி நின்னா அழுகிடும். தேங்கா நாரும் கரியும் போட்டு வைக்கணும். அப்புறம், ரெண்டுலயும் நீங்க பூன்னு பாக்கறது பூவே இல்ல. நிறம் மாறின இலை."

கட்டிலில் கிடந்த நாட்களில் பார்த்தும், நூலகப் புத்தகம் வரவழைத்துப் படித்தும் தெரிந்துகொண்டது. இதற்குக் கைதட்டல் கொஞ்சம் குறைவு. பூ பூவே இல்லை என்றதைப் பலர் ரசிக்கவில்லை.

பரிசு என்னவென்றால், பித்தளையில் செய்த பெரிய பூவாளி.

வீட்டுக்கு வந்ததும் கணவர் ஆளே மாறிவிட்டார். காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து பூவாளியை நிரப்பினார். தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கும்போது காகிதப்பூவுக்குத் தண்ணீர் ஊற்றினால் ஒரு கம்பீரம் இருந்தது. மாலையிலும் ஊற்றினார். யாராவது சந்தேகம் கேட்டால் கூடுதலாக ஊற்றிக் காட்டினார். ஆந்தூரியத்தையும் நாலு பேர் பார்க்கட்டும் என்று பால்கனிக்கே தூக்கி வந்துவிட்டார்.

ஹெட் சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தாள். ரோஜா நிறம் ஒவ்வொன்றாக உதிர்ந்து கீழ்வீட்டம்மாவின் துணிகள்மேல் விழுவது தெரிந்தது. ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. அந்த ஒரு வாரம், ஓய்வு பெற்றதிலிருந்து அவள் அனுபவித்த மிக நல்ல வாரம்.

"என்னம்மா இது, இவ்வளவு பாத்துக்கறேன், பூவெல்லாம் கொட்டுதே!" என்று கடைசியில் அவரே வந்து நின்றார். முகம் நிஜமாகவே வாடியிருந்தது. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். போன மாதங்களில் கண்ணாடியில் பார்த்ததுதான்.

அவள் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து, அவர் கையிலிருந்த பூவாளியை வாங்கினாள். மிச்சமிருந்த தண்ணீரைப் பால்கனிக்கு வெளியே கொட்டினாள்.

கீழிருந்து ஒரு கூச்சல் எழுந்தது.

"நீங்களே போய்ப் பதில் சொல்லுங்க. பரிசு வாங்கினவர் நீங்கதானே" என்றாள் அவள், ஆந்தூரியத்தைக் குளியலறை ஜன்னலில் தூக்கி வைக்கச் சொல்லிவிட்டு.