நீமாவின் தலையில் அம்மா வைத்த எண்ணெய்

வெற்றிலையும் மிளகும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் வாசனை... ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுத் தீபாவளி அதில்தான் விடியும்.

அந்த வருடம் என் ஹாஸ்டல் ரூம்மேட் நீமாவும் வந்திருந்தாள். தான்சானியாக்காரி. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இன்ஜினியரிங் படிக்க வந்தவள், தன் ஊர்க்காரர்களுக்காக ஸ்வாஹிலியில் வீடியோ போடுவாள். நாங்கள் கோபுரத்துக்கு முன்னால் செல்ஃபி எடுப்போம். அவள் பால்கோவா அடுப்பு முன்னால் உட்கார்ந்தால், பால் சுண்டும் வரை எழுந்திருக்க மாட்டாள். செண்பகத்தோப்பு போனால் மலையை விட்டுவிட்டு மாங்காய் விற்கும் அக்காவோடு பேசிக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு கண் அவளுக்கு.

பஸ்ஸில் ஆட்கள் அவளை வெறித்துப் பார்ப்பதை மட்டும் ஒருநாளும் போட்டதில்லை.

ஆனாலும் அவள் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அங்கே உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள், இந்த செமஸ்டரோடு திரும்பி வா என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நீமா அழுத முகத்தோடுதான் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

தீபாவளி விடிகாலை. நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால்... அம்மா நீமாவை மணையில் உட்கார வைத்து, பொடிப்பொடியாகப் போட்டிருந்த பின்னல்களைச் சிக்கு என்று நினைத்து, ஒரு பக்கம் முழுக்க அவிழ்த்துவிட்டிருந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, அது சிக்கு இல்லம்மா. ஒரு நாள் பூரா உக்காந்து பின்னுனது."

"அம்புட்டு இறுக்கமாவா பின்னுவாக? பிள்ளைக்கு மண்ட வலிக்காதா?" அம்மா கையை எடுக்கவே இல்லை. "எண்ணெ உள்ள எறங்கணும்ல. செத்த நேரம் சும்மா இரு, ஏட்டி."

"விடு, அம்மா செய்யட்டும்" என்றாள் நீமா, அரைத்தமிழில். போனைச் சுவரில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தாள். எண்ணெய் கன்னத்தில் வழிய, கண்ணை மூடிக்கொண்டு...

தன் அம்மா பார்க்கட்டும் என்று அதை உடனே சேனலில் போட்டுவிட்டாள். மத்தியானமே அவள் அம்மாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு எனக்குச் சொன்னாள். "யார் அந்த அம்மான்னு கேக்குறாங்க. அவிழ்த்ததை அந்த அம்மா கையாலயே பின்னிவிடணுமாம். படிப்பை முடிச்சிட்டே வரச் சொல்றாங்க."

அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் ரிப்பன் வைத்த ரெட்டை ஜடைதான். லீவு முடிந்து நீமா அதோடுதான் காலேஜுக்கு வந்தாள். கொஞ்சமும் கூச்சப்படவில்லை. இன்றைக்கும் நினைத்தால் அவள்மேல் மதிப்பு கூடுகிறது.

அவள் படிப்பை முடித்து ஊருக்குப் போய்விட்டாள். நான் பெங்களூருவில். இந்தத் தீபாவளிக்கும் லீவு கிடைக்கவில்லை. அம்மாவைப் பார்க்கணும் போலிருந்தது. என் போனில் மலை இருக்கிறது, கடல் இருக்கிறது, தின்ற பிரியாணியெல்லாம் இருக்கிறது... அம்மா இருக்கிற வீடியோ ஒன்றுகூட இல்லை.

நீமா அவள் அம்மாவுக்காக எடுத்ததில்தான் என் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.